வோல்டேஜ் பெட்டிக்குக் காவலிருந்த எங்கள் அக்கா

உற்றார் உறவினர்களுக்கும், அக்காவின் மேல் பிரியம் வைத்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகன், என் மருமகன், கேட்டுக்கொண்டான். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் எடை போடும் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசிப் பழக்கமில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று என்னை எழுப்பிவிட்டுப் பேசச் சொன்னார்கள். கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பந்தலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"அம்மணிக்குக் கத்தின்னா பயமுங்க. டாக்டரு அப்பவே வந்து படுங்கன்னு சொல்லியிருக்காரு. இவிய போகவே இல்லீங்களாமா."

"ஆமாங்க. பொம்பளைக அப்படித்தானுங்க. பயந்துக்கிட்டே இருந்து உசுர உட்டுட்டாங்க."

பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். அவர் காதிலும் அது விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திப் பக்கம் எழுந்து போனார். அதற்குப் பிறகு இந்த ஓராண்டில் எத்தனையோ வீட்டு விசேஷங்களில் இதே பேச்சை வெவ்வேறு வாய்களில் கேட்டுவிட்டேன். அது உண்மையில்லை. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா பிறந்தது காரமடைக்கு மேற்கே எங்கள் தோட்டத்து வீட்டில். நாங்கள் இரண்டே பேர். அப்பாவுக்குக் கொஞ்சம் வாழை, கொஞ்சம் கறிவேப்பிலை. அக்கா எட்டாம் வகுப்போடு நின்று தோட்ட வேலைக்கு வந்தார். வாழைத்தார் வெட்டும்போது ஒரு நாள் கொடுவாள் நழுவி அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மரத்துப்போகும் ஊசி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்கள். "பொறுக்கற நேரத்துல ரெண்டு தையலு போட்ரலாமுங்க, போடுங்க" என்று அக்கா காலை நீட்டினார். முதல் தையலில் மயங்கி விழுந்தவன் நான். எனக்குத்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்கா என்னைக் கேலி செய்து சிரித்துக்கொண்டே வந்தார். "கண்ணு, அடுத்த தடவை உன்னைக் கட்டில்ல படுக்க வெச்சுப்போட்டு நான் துணைக்கு நிக்கறேன்" என்றார். கத்திக்குப் பயந்தவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். மச்சான் உழைப்பாளி. கெட்ட பழக்கம் கிடையாது. ஊரில் மரியாதைப்பட்டவர். அக்கா மாடு கறந்தார், பருத்தி எடுத்தார், ஒரு மகனைப் பெற்று ஆளாக்கினார். மாமனார் மாமியார் இருவரையும் கடைசிவரை படுக்கையில் வைத்துப் பார்த்தார். அதையெல்லாம் பதினாறாம் நாள் மலரிலேயே எழுதியிருக்கிறார்கள். அதில் எழுதாமல் விட்டதை மட்டும் நான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மச்சான் வீட்டில் ஃபிரிட்ஜும் கலர் டிவியும் வாங்கினார்கள். அந்தப் பக்கத்தில் அது முதல் ஃபிரிட்ஜ். ஆனால் அந்த ஊர்க் கரண்ட் எப்படி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஊர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். அதில்தான் அத்தனை தோட்டத்துக் கிணற்று மோட்டாரும், போர் மோட்டாரும். எல்லா மோட்டாரும் ஓடும்போது வீட்டில் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போய்விடும். டியூப்லைட் கண்ணைச் சிமிட்டும், பிடிக்காது. ஃபிரிட்ஜ் முனகும், ஓடாது. அப்படி முனகவிட்டால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும். மோட்டார்களுக்கான கரண்டை ஒரு வாரம் பகலில் விடுவார்கள், மறு வாரம் இரவில். மோட்டார் கரண்ட் நின்ற அடுத்த நொடி வோல்டேஜ் எகிறும்.

இதற்காக மச்சான் கோவையிலிருந்து ஒரு ஸ்டெப்-அப் பெட்டி வாங்கி வந்தார். இரும்புப் பெட்டி. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர். முன்பக்கம் முள் ஆடுகிற மீட்டர், அதன் கீழே ஒரு திருகு. வோல்டேஜ் குறைந்தால் திருகை ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். மீட்டர் முள் சரியான இடத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். வெளியே கரண்ட் கூடினால் உடனே இறக்க வேண்டும். திருகு மேல்படியில் இருக்கும்போது மோட்டார்களெல்லாம் நின்றால், கூடி வருகிற கரண்டைப் பெட்டி இன்னும் கூட்டி வீட்டுக்குள் அனுப்பிவிடும். பல்பு வெடிக்கும், டிவி போய்விடும்.

பெட்டியை மாட்டிய எலக்ட்ரீசியன் இதை விளக்கிச் சொல்ல ஆள் தேடியபோது மச்சான் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அக்கா உள்ளே வந்தார். எலக்ட்ரீசியன் அக்காவிடம் சொன்னார். "ஏனுங்கம்மா, ஏத்தறது சுலபமுங்க. எறக்க மறந்துபோட்டீங்கன்னா ஊட்டுல இருக்கறது அத்தனையும் போயிருமுங்க. ஃபிரிட்ஜை ஆப் பண்ணிப்போட்டுத் திருகைத் திருப்புங்க. திருப்புன ஒடனே போட்ராதீங்க, ரெண்டு மூணு நிமிசம் உடுங்க."

போகும்போது அவர் மச்சானிடமும் ஒரு வார்த்தை சொன்னார். "ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு வருதுங்க. அதுவே ஏத்தும், அதுவே எறக்கும். ரொம்ப மேல போனா தானா கட் ஆயிரும். வேணும்னா மாத்திக்கலாமுங்க."

"ஊட்டுல ஆளு சும்மாதானுங்க இருக்குது, ஆட்டோமேட்டிக்கு எதுக்குங்க?" என்றார் மச்சான்.

சும்மா இருந்த ஆள் அக்கா. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற பேச்சாகத்தான் அன்று இருந்தது.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு மீட்டரே தேவைப்படவில்லை. மின்விசிறியின் சத்தம் மாறினாலே போதும். சமையலறையில் இருந்தாலும் மாட்டுக் கொட்டகையில் இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். இரவுக் கரண்ட் வாரத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். ஊரில் சிலர் மச்சானிடம் கேலி பேசுவார்கள்.

"ஏனுங் மாமா, அக்காளை ஈபி ஆபீசுல சேத்துட்டீங்களாட்ட இருக்குது?"

"சம்பளமில்லாத லைன்மேனுங்க எங்கூட்டுல" என்று மச்சான் பெருமையாகச் சொல்வார்.

ஒரு மாசித் தேர் நோம்பிக்கு நான் போய் அக்காவை அழைத்து வந்தேன். காரமடைத் தேர் பார்த்து அக்காவுக்கு வருடக் கணக்காகிவிட்டது. இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். தீப்பந்தச் சேவை பார்த்தார், பொரி வாங்கிக்கொண்டார், என் மனைவியோடு பேசி விடிய விடியச் சிரித்தார். திரும்பிப் போனால் டிவி எரிந்து கிடந்தது. மச்சான் கிரிக்கெட் பார்க்கத் திருகை மேலே ஏற்றியிருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார். மோட்டார் கரண்ட் நின்றிருக்கிறது. ஏற்றியது அவர், இறக்காததும் அவர். ஆனால் அந்த வீட்டில் அது "நீ தேருக்குப் போன அன்னைக்கு எரிஞ்ச டிவி" என்று பெயர் பெற்றுவிட்டது. வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் அப்படியே சொன்னார்கள். அக்கா மறுத்துச் சொல்லவில்லை. "நான் இருந்திருந்தா எறக்கியிருப்பேன் கண்ணு" என்று என்னிடம் அவரே சொன்னார். அதைக் கேட்கத்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதோடு அக்கா வெளியே தங்குவது நின்றது. ஆடிக்கு அழைக்கப் போனேன், வரவில்லை. என் மகள் பெரியவளான சீருக்கு விடிகாலை பஸ்ஸில் வந்து, பந்தியில்கூட உட்காராமல் போய்விட்டார். எங்கள் அப்பா இறந்த அன்று வந்தார். உடலை எடுத்ததும், குளித்த ஈரத்தலையோடு திரும்பிப் போய்விட்டார். அது பகல் கரண்ட் வாரம். சாயந்திரம் ஆறு மணிக்கு மோட்டார் கரண்ட் நிற்கும், அதற்குள் போயாக வேண்டும் என்றார். பெற்ற அப்பனுக்கு ஒரு ராத்திரி தங்கி அழக்கூட அக்காவுக்கு வாய்க்கவில்லை.

அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராக ஓர் ஆட்டோமேட்டிக் பெட்டியையே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். மச்சானிடம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று போனேன். அப்படிக் கேட்டதே பிசகு. மச்சான் முகம் சிவந்துவிட்டது.

"மாப்ளே, பொறந்த ஊட்டுச் சீருல பெட்டி வாங்கி லைட்டுப் போடற நெலமைக்கு நான் இன்னும் வரலை. வாங்கோணும்னா எனக்கு வாங்கத் தெரியாதா? என்னைய ஊரே சிரிக்கறதுக்கா?"

"அப்படியில்லீங் மச்சான். அக்கா ராத்திரியெல்லாம் முழிச்சுட்டு..."

"உங்கக்கா சொன்னாளா? ஏம்புள்ளே, நீ சொன்னயா?"

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவனுக்கு வேற வேல இல்லை. கண்ணு, காப்பி ஆறுது பாரு, குடி."

பணமில்லாத வீடாக இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வருடம்தான் மச்சான் புது மோட்டார் சைக்கிள் எடுத்தார்.

பிறகுதான் அக்காவுக்கு அந்த நோய் வந்தது. பெண்களுக்கு வருகிற நோய். தம்பி நான் அதை விரிவாக எழுதக் கூடாது. வயிற்றில் கட்டி என்று மட்டும் எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்து அம்மா அரை நாள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டதால் அக்காவைக் கோவைக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்ட முடிந்தது. டாக்டர் நல்லவர். "இப்பவே சேர்ந்தீங்கன்னா எடுத்துடலாம், கொஞ்ச நாள் படுத்திருக்கணும், பயப்பட ஒண்ணுமில்லை" என்றார். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை நாளுங்க ஆகும்?" இரண்டு மூன்று வாரம் என்றார் டாக்டர்.

கார்த்திகையில் ஒரு நாள் குறித்துக்கொண்டு நான் அக்காவைக் கூட்டிப் போக வந்தேன். அக்கா தயாராக இருந்தார். இரண்டு புடவை, ஒரு போர்வை, ஒரு டம்ளர், எல்லாம் ஒரு ஒயர் கூடையில். செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செருப்புப் போட்டு நின்றார்.

மச்சான் களத்திலிருந்து வந்தார். "இப்பவே போகோணுமா? எல்லாத் தோட்டத்துலயும் மோட்டாரு ஓடற சமயம். நீ மூணு வாரம் போயிப் படுத்துக்கிட்டீன்னா பெட்டியை ஆரு பாக்கறது? போன தடவை டிவி போச்சு. இப்ப ஃபிரிட்ஜா?"

நான் சொன்னேன்: "ஃபிரிட்ஜை ஆப் பண்ணி வெச்சுப்போடலாமுங் மச்சான். பெட்டியையும் ஆப் பண்ணீரலாம். மூணு வாரந்தானுங்க."

"ஆப் பண்ணி வெக்கறதுக்கா மாப்ளே வாங்குனது? ஒறம்பரை சனம் வந்தா சுடுதண்ணியா குடுக்கறது? தை வரட்டும், தண்ணி வுடற வேலை கொறையும். அப்பப் போயிக்கலாம். டாக்டரு எங்க ஓடியா போயிருவாரு?"

அக்கா மச்சான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே மின்விசிறியின் சத்தம் இறங்கியது. எனக்குக் கேட்கவே இல்லை, அக்காவுக்குக் கேட்டது. கூடையைக் கீழே வைத்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். ஃபிரிட்ஜை அணைத்து, திருகை ஏற்றி, முள்ளைப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜைத் திரும்பப் போடுவதற்காக அங்கேயே காத்து நின்றார். நான் வாசலில் நின்றேன். எங்கள் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

திரும்பி வந்து சொன்னார்: "தை முடியட்டும் கண்ணு. வாரேன்."

நான் ஏன் சத்தம் போட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை என்று சிலர் கேட்கலாம். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளை வீட்டு வாசலில் எவ்வளவு பேச முடியும் என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

தை போனது. மாசியில் யாருக்கோ கல்யாணம், வீட்டில் ஆட்கள். பங்குனியில் வெயில் ஏறி, கிணறுகள் வற்றி, போர் மோட்டார்கள் நிற்காமல் ஓடி, வோல்டேஜ் முன்னைவிட மோசமானது. அக்கா இதையெல்லாம் திருப்பூரில் வேலையில் இருந்த மகனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். சித்திரை நோம்பிக்கு வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனான். டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்டபோது மச்சான் பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க உக்காருங்க" என்று அக்கா பேனாவை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே போட்டார். இதற்குச் சாட்சி அந்த வார்டு நர்ஸ், என் மருமகன், நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் கரண்ட் போய், விளக்கு மங்கி, உடனே திரும்ப வந்தது. அக்கா படுக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். தையல் போட்ட வயிறு.

"என்னம்மா, எங்க எந்திரிக்கிறீங்க?" என்று நர்ஸ் ஓடி வந்தார்.

"கரண்டு ஏறுதுங்க. இங்க ஆரு பாக்கறாங்க?"

"அது தானா பாத்துக்கும்மா. படுங்க."

"தானாவா?" என்று அக்கா என்னைப் பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டார். அன்று சாயந்திரம்வரை அசையாமல் தூங்கினார். அப்படி அக்கா தூங்கி நான் பார்த்தது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

ஆனி பிறப்பதற்குள் அக்கா போய்விட்டார். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நான்தான் எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்தினேன்.

மூன்றாம் நாள் மச்சான் கோவைக்குப் போய் ஓர் ஆட்டோமேட்டிக் பெட்டி வாங்கி வந்தார். துக்கத்துக்கு வருகிறவர்கள் கூட்டம், வீட்டில் பார்க்க ஆளில்லை. கடையில் கேட்டதும் கொடுத்தார்களாம். வண்டியின் பின்னாலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவு சுலபமான வேலை அது. பதினாறாம் நாள் பந்தலில் அக்கா கத்திக்குப் பயந்தார் என்று அந்தப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் அந்தப் பெட்டி டக், டக் என்று தானாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. பந்தலில் எல்லோருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். கையால் திருகுகிற பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது என்று தெரியும். அதில் தப்பில்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும்போது திருகைக் கீழ்ப்படிக்கு இறக்கி, ஃபிரிட்ஜையும் டிவியையும் பிடுங்கிவிட்டு, பெட்டியையும் அணைத்துவிட்டுப் போங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. மாவு புளித்தால் புளிக்கட்டும். வாங்க வசதியுள்ளவர்கள் தானாக நிற்கிற பெட்டியாக வாங்குங்கள். வீட்டில் சும்மா இருக்கிற ஆள் என்று யாரையும் கணக்கில் வைக்காதீர்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். அரை நாள் பெட்டியைப் பார்த்துக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கு நன்றி. அவர் இல்லையென்றால் அக்காவுக்கு என்ன நோய் என்றுகூடத் தெரிந்திருக்காது. அக்காவிடம் ஒரு கடுஞ்சொல் பேசாத டாக்டருக்கும் நர்ஸுக்கும் நன்றி. கேட்காமல் காரைக் கொண்டுவந்த மருமகனுக்கு நன்றி. கடைசி ஒரு மாதம் மச்சான் அக்காவைத் தன் கையால் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார், இரவும் பகலும் பக்கத்தில் இருந்தார். அதையும் நான் பார்த்தேன். அதற்காக அவருக்கு நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மருமகன் இதை மச்சானிடம் படித்துக் காட்டினான். "இருக்கட்டும், போடு" என்றாராம். சம்பளமில்லாத லைன்மேன் என்று அவர் சொன்னதை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம். மருமகன் என்னிடம் கேட்டான். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா ஆப்பரேஷனுக்குப் பயந்தார் என்று இனி யாராவது பேச நினைத்தால், அதை எங்கள் பிறந்த வீட்டு ஆட்கள் இருக்கும் இடத்தில் பேச வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பேசினால், நான் கூச்சப்பட்டவன்தான், இருந்தாலும் எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
தம்பி